மழைக்குக் கழித்த நாலு ராத்தல்

லாரியிலிருந்து நாலு பேர் முக்கி முனகி இறக்கியதைப் பார்த்ததும் கணபதிக்கு முதலில் தோன்றியது இதுதான்: யாருக்கோ பெட்டி வந்திருக்கிறது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாமான் ஐந்தரை அடி நீளம். மேலே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். குருவிமலைத் தோட்டத்தின் தச்சர் அவர். கதவு, ஜன்னல், தேயிலைப் பெட்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை எல்லாம் அவர் கைவேலை. சவப்பெட்டியும் அவர்தான் அடிக்க வேண்டும். போன வருஷம், எழுபத்து நாலில், மாவும் அரிசியும் இல்லாமல் லயங்கள் சுருண்டு கிடந்தபோது முப்பத்தேழு பெட்டி அடித்தார். முப்பத்தேழாவது அவருடைய மருமகனுக்கு. அதற்குப் பிறகு நீளமாக எதைப் பார்த்தாலும் அவருடைய கண் தானாக அளவெடுக்க ஆரம்பித்துவிடும்.

"பயப்படாதே பாஸ். பிணம் இல்லை," என்றார் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை. தோட்டத்தில் தச்சரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், துரையும் அப்படியே. "இது சுக்கான். என் போட்டைத் திருப்புற சாமான்."

துரைக்குத் திருகோணமலையில் ஒரு பாய்மரப் படகு நிற்கிறது என்பது தோட்டத்துக்கே தெரியும். முப்பது வருஷத்துப் பழசு. வருஷத்துக்கு ஒரு முறை அவரும் துரைசாணியும் போய் அதில் ஏறிக் காற்று வாங்கிவிட்டு, முகம் சிவந்து திரும்புவார்கள். ஆனால் இந்த முறை கதை வேறு. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தாயிற்று. டிசம்பர் முப்பத்தொன்றோடு துரைக்கு வேலை முடிகிறது. இரண்டு பேரும் அந்தப் படகிலேயே ஏறி, தைமாசக் காற்றைப் பிடித்து, ஆப்பிரிக்கா வரைக்கும் போகப்போகிறார்களாம்.

கணபதி சாக்கை அவிழ்த்தார். வெள்ளைச் சாயம் பூசிய பெரிய பலகை. மேலே கண்ணாடி நார்த் துணியைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் வெண்கலத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. விரல் முட்டியால் தட்டினார். மேலே 'டக் டக்' என்றது. நடுவில் தட்டினார். 'தொப்' என்றது, ஈரமாவைத் தட்டின மாதிரி.

"உள்ள தண்ணி குடிச்சிருக்குங்க தொரை."

"தெரியும். நீ சரி பண்ணணும். இருபத்தொன்பதாம் தேதி லாரி திருகோணமலைக்குப் போகுது. இது அதிலே ஏறணும்."

இருபத்தெட்டு நாள். கணபதி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட்டுவிட வேண்டியதுதான்.

"தொரை... நம்ம பரிமளம் பேரு..."

பரிமளம் அவர் மகள். புருஷன் போனபின் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து அப்பாவிடமே வந்துவிட்டாள். மலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியதால் கூடை கட்டிக் கொழுந்து பறிக்க ஏற முடியாது. பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சும்மா ஒத்தாசைக்கு இருந்தாள். அங்கே ஆயா வேலை ஒன்று காலி. துரை கையெழுத்துப் போட்டால் செக்ரோலில், தோட்டத்துக் கூலிப் பதிவேட்டில், அவள் பேர் ஏறும். பேர் ஏறினால் லயத்தில் குடியிருக்கக் காம்பரா, வாரத்துக்கு மாவு, அரிசி. கணபதிக்கு ஐம்பத்தெட்டு வயது. இருமல் வேறு. அவர் பேரை என்றைக்கு வெட்டுகிறார்களோ, அன்றைக்குக் காம்பராவும் போய்விடும். புதிதாக வருகிற துரைக்குக் கணபதி யாரோ, பரிமளம் யாரோ.

பெரிய துரை சுக்கானைப் பார்த்தார். கணபதியைப் பார்த்தார்.

"இது லாரியில் ஏறட்டும். அன்னைக்கே கையெழுத்து."

* * *

ஒரு பக்கத்துத் தோலை அறுத்து உரித்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. கடல் செத்துப்போய் உள்ளே கிடந்த மாதிரி. தண்டு நுழைகிற இடத்து இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் வருஷக்கணக்கில் ஊறியிருந்தது. தேக்குப் பலகைகள் கறுத்து, ஊறி, நகம் பட்டாலே மசிந்தன. கணபதி அடியில் துறப்பணம் வைத்து மூன்று ஓட்டை போட்டார். கறுத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, இரண்டு நாள் விடாமல் ஒரு டின்னை நிரப்பியது.

மக்கியதை எல்லாம் உளியால் செதுக்கி எறிந்தார். நல்ல மரமும் ஈரம். காயாமல் மூடினால் பசை பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் மறுபடி மரத்தைத் தின்னும், ஒரு நாள் பெரிய அலையில் இரண்டாகப் பிளந்துவிடும். காயவைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கே? பதுளைப் பக்கத்து மார்கழியில் துண்டே ஒரு வாரம் காயாது. மனுஷன் காய்வதே கஷ்டம்.

தோட்டத்தில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று, தேயிலை ஃபெக்டரி.

டீமேக்கர் ஜெயராசா வாசலிலேயே மறித்துக்கொண்டார். "பாஸ், அந்தப் பிணத்தை என் கூரைக்குக் கீழ கொண்டு வந்தீன்னா நானும் கூடவே செத்துருவேன்."

"தொரை சாமான் ஐயா."

"தொரை தாத்தா சாமானா இருந்தாலும் சரி. தேயிலைக்கு மூக்கு எப்படித் தெரியுமா? இங்க வெங்காயம் உரிச்சா கொழும்புல ருசி பாக்குறவன் துப்புவான். இது கருவாட்டுக் கடை மாதிரி நாறுது. மொத்தச் சரக்கும் போயிரும்."

கணபதிக்கு வாதாடத் தெம்பில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துத்தான் ஜெயராசாவுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். மேல் தட்டில் கொழுந்தை வாட்டிவிட்டுச் சூடு காற்று வெளியே போகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளிப்புறம் தகரக் கூரை போட்ட ஒரு மூலை. "அங்க தொங்கவிடு. காத்து வெளிய போறது, திரும்பி உள்ள வராது," என்றார். பிறகு ஒரு யோசனையும் சொன்னார்.

"காஞ்சிருச்சான்னு தட்டிப் பாத்துச் சொல்லாதே. கொழுந்து வாடிருச்சான்னு நான் எப்படிப் பாக்குறேன்? நிறுத்துப் பாக்குறேன். தண்ணி போனா நிறை குறையும். மூணு நாளு நிறை அசையாம நின்னா, காஞ்சிருச்சு. அவ்வளவுதான்."

* * *

கண்ணாடி நார்த் துணியை ஒட்டுகிற ரெசின் பசை வாங்கப் பதுளைக்குப் போனார். இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். ஆணிக்கே வரிசை. பசார்த் தெருவில் பலீல் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் மட்டும் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பார்கள்.

"ரெசினா? இல்லை," என்றார் பலீல் நானா. பிறகு யோசித்தார். "எதுக்கு பாஸ்?"

"கப்பல் சுக்கானுக்கு."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எனக்கு வயசாகுது, காது போயிருச்சு. என்னவோ கப்பல்னு கேட்டுச்சு."

"கப்பல்தான் நானா."

"துன்ஹிந்தை அருவியில எறக்கப் போறீங்களா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கணபதியும் சிரித்தார். கொஞ்சம் இருமினார். நானா உள்ளே போய் இரண்டு டின்னும் ஒரு சுருள் கண்ணாடி நார்த் துணியும் கொண்டு வந்தார். மீன்பிடிப் படகுக்காரன் ஒருவன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராமலே போய்விட்டானாம்.

"ஒண்ணு சொல்றேன் பாஸ். ஈரத்து மேல இதைப் பூசினீங்கன்னா பூரி மாதிரி உப்பிக்கிட்டு வரும். வெளிய பாத்தா ஜோரா இருக்கும். உள்ள ஏமாத்து."

* * *

பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை, கொழுந்து மடுவம், ஃபெக்டரிக்குப் பக்கத்திலேயே. ஒவ்வொரு நாளும் காலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் இரண்டு பேர் சுக்கானைத் தூக்கி வருவார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கில் கட்டித் தொங்கு தராசில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை சண்முகராஜா முள்ளைப் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் எழுதி, கணபதியிடம் நீட்டுவார். சண்முகராஜா கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தராசுக்கு முன்னால் நின்று நின்று முகமே தராசு முள் மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

முதல் நாள் நூற்று நாலு ராத்தல். நூறு. தொண்ணூற்றைந்து. மழை பெய்துகொண்டே இருந்தது. சூடு காற்றும் ஊதிக்கொண்டே இருந்தது. எண்பத்தாறு. எண்பத்து மூன்று.

பதினாறாம் தேதி அடைமழை. எண்பது.

பதினேழாம் தேதி தூறல். எண்பது.

பதினெட்டாம் தேதி, என்ன அதிசயமோ, சுள்ளென்று வெயில். எண்பது.

"மூணு நாளா அசையலை பாஸ். பொணம் காஞ்சிருச்சு," என்றார் சண்முகராஜா.

கணபதி மூன்று காகிதத்தையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கே ஆரம்பித்தார். பங்களாவில் கழற்றிப் போட்டிருந்த பழைய தேக்குக் கதவை அறுத்து, செதுக்கி எடுத்த இடத்தில் துண்டு துண்டாகப் பொருத்தினார். ரெசின் கலந்து, துணி விரித்து, தடவி, காயவைத்து, மறுபடி தடவினார். தண்டு நுழைகிற இடத்து இடுக்கை நன்றாக அடைத்தார். அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வெள்ளைச் சாயம் அடித்தார். இருபத்தாறாம் தேதி முடிந்தது. முதுகை நிமிர்த்த அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

பளபளவென்று நின்றது சுக்கான். துரை வந்து பார்த்தார். தடவினார். "குட்," என்றார். பரிமளத்துக்கான காகிதத்தை டைப் அடிக்கச் சொல்லியாயிற்று என்றார். திங்கட்கிழமை லாரி.

கணபதி அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அந்த வருஷத்தில் அவர் நன்றாகத் தூங்கியது அந்த ஒரு நாள்தான்.

* * *

சனிக்கிழமை காலை. கொழுந்து மடுவத்தில் ஒரே கூச்சல்.

கூச்சல் போட்டவள் சந்திரகாந்தி. மேல் லயத்துக்காரி. அவள் வாயைத் திறந்தால் கங்காணி காதைப் பொத்துவான். கூடையைத் தரையில் 'டொம்' என்று வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"முள்ளு இருபத்து மூணுல நின்னுச்சு. நான் பாத்தேன். நீங்க பத்தொம்பதுன்னு எழுதுறீங்க. நாலு ராத்தல் எங்க போச்சு ஐயா? உங்க வீட்டுக்கு நடந்து போச்சா?"

"மழைக்குக் கழிச்சேன்," என்றார் சண்முகராஜா, நிமிராமல். "கொழுந்துல தண்ணி நிக்குதுல்ல. நாங்க தண்ணிக்கா கூலி குடுக்கிறது?"

"மழையா? மேல பாருங்க ஐயா! வெயிலு மண்டையைப் பொளக்குது!"

சண்முகராஜா மேலே பார்த்தார். உண்மைதான். வெயில். "விடியக்காலையில பெஞ்சுது," என்றார். சற்று வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சுற்றி நின்றவர்களைப் பார்த்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "தொரை போட்ட சட்டம். அடைமழைக்கு நாலு. தூறலுக்கு ரெண்டு. வெயிலுக்கு ஒண்ணுமில்ல. இருபத்திரண்டு வருஷமாச்சு, நான் நெனச்சா செய்றேன்? கை தானா எழுதுது."

வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு கூடைக்குப் பிடி கட்டிக்கொண்டிருந்தார் கணபதி. பிரம்பு கையிலிருந்து நழுவியது.

அடைமழைக்கு நாலு. தூறலுக்கு ரெண்டு. வெயிலுக்கு ஒன்றுமில்லை.

பதினாறாம் தேதி அடைமழை. பதினேழு தூறல். பதினெட்டு வெயில்.

எழுந்து தராசுக்குப் பக்கத்தில் போனார். பெண்கள் வழிவிட்டார்கள்.

"ஐயா. தொரை சுக்கானை நிறுத்தீங்களே... அதுக்கும் கழிச்சீங்களா?"

"அது என்ன கொழுந்தா பாஸ், அதுக்குப் போயி..."

சண்முகராஜாவின் பென்சில் அந்தரத்தில் நின்றது. அவர் தன் வலது கையையே பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

"படங்குல கட்டித்தானே தொங்கவிட்டீங்க," என்றார், குரல் இறங்கி. "படங்குல தொங்குனா... பாஸ், நான் வானத்தைப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

எண்பத்து நாலு. எண்பத்திரண்டு. எண்பது. நிறை நிற்கவே இல்லை. நாளைக்கு இரண்டு ராத்தலாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோதே வாயை அடைத்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றாள் சந்திரகாந்தி. "கடவுளே கூடையில உக்காந்தாலும் கழிச்சிட்டுத்தான் எழுதுவாரு."

யாரும் சிரிக்கவில்லை.

* * *

பரிமளம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதை எல்லாம் கேட்டாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"சொன்னா என்ன ஆகும்?"

"மறுபடி பிரிக்கணும். காய வைக்கணும். பத்து நாளோ பதினஞ்சு நாளோ. லாரி போயிரும். முப்பத்தொண்ணோட அவரு தொரை இல்ல."

"கையெழுத்தும் இல்ல."

"இல்ல."

"சொல்லலைன்னா?"

கணபதி அடுப்பைப் பார்த்தார். "உடனே ஒண்ணும் ஆகாது. நடுக்கடலுக்குப் போற வரைக்கும் ஜோரா இருக்கும்."

"அப்புறம்?"

"திருப்புற சாமான் ஒடைஞ்சா படகு எப்படி நிக்கும்? எனக்குக் கடலு தெரியாது. ஆனா மரம் தெரியும்."

புகை கண்ணைக் கரித்தது. பரிமளம் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நம்மளைப் பட்டினி போட்ட தொரைதானே அப்பா."

"ஆமா."

"ஒரு செத்த வீட்டுக்குக்கூட அவரு வரலை."

"வரலை."

"அப்ப ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க? என்கிட்ட சொன்னா பாவத்துல பாதி எனக்கு வந்துரும்னா?" சட்டியிலிருந்து ரொட்டியை எடுத்து அவர் தட்டில் போட்டாள். போட்ட வேகத்தில் தட்டு சுழன்றது. "நான் வேண்டாம்னாலும் சொல்லத்தான் போறீங்க. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

"பரிமளம், போன வருஷம் முப்பத்தேழு பெட்டி அடிச்சேன். எல்லாம் செத்தவங்களுக்கு அடிச்சது. அளவெடுத்து அடிச்சது." ரொட்டியைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை. "உசுரோட இருக்கிறவங்களுக்கு எப்படி அடிச்சுக் குடுக்கிறது?"

பரிமளம் அடுத்த ரொட்டியைத் தட்ட ஆரம்பித்தாள்.

* * *

திங்கட்கிழமை. பங்களா வாசலில் லாரி. சுக்கான் புல்வெளியில் வெள்ளையாகக் கிடந்தது. துரையின் கையில் டைப் அடித்த காகிதம், பேனா மூடி திறந்திருந்தது. துரைசாணி வராந்தாவில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏத்து," என்றார் துரை.

"ஒரு நிமிஷம் தொரை."

கணபதி குனிந்தார். சாமான் பையிலிருந்து துறப்பணத்தை எடுத்தார். நாலு கோட்டிங் அடித்த அந்த வெள்ளைச் சாயத்தின் நட்டநடுவில் முனையை வைத்துச் சுற்றினார்.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

கணபதி நிறுத்தவில்லை. முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அடுத்து மரத்தூள். காய்ந்த மரமாக இருந்தால் தூள் பறக்கும். இது பறக்கவில்லை. புழு மாதிரிச் சுருண்டு துறப்பணத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வழித்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். கையை நீட்டினார். உள்ளங்கை ஈரமாக மின்னியது.

"இன்னும் தண்ணி இருக்குங்க தொரை. நிறையிலே தப்பு. மழைக்குக் கழிச்சிட்டாங்க."

துரைக்கு முதலில் புரியவில்லை. கணபதி சொல்லச் சொல்லப் புரிந்தது. புரியப் புரிய முகம் சிவந்தது. "முட்டாள்கள்!" என்று கத்தினார். தமிழில் கத்தினது போதாமல் இங்கிலீஷிலும் கத்தினார். வராந்தாவில் துரைசாணி எண்ணுவதை நிறுத்திவிட்டு, சுக்கானில் இருந்த சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரி காலியாகப் போயிற்று. துரை காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

* * *

மறுபடி அறுப்பு. மறுபடி உரிப்பு. கணபதியின் கை வேலை செய்தது, மனசு எங்கோ கிடந்தது. பத்து நாள் வேலையை ஒரே பகலில் பிரித்துப் போட்டார். சுக்கான் மறுபடி சூடு காற்றில் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் துரையே கொழுந்து மடுவத்துக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அவர் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. யாரையும் நம்ப மாட்டேன் என்பது மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு தராசுக்கு ஒட்டி நின்றார். பெண்கள் வரிசையும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. முதல் கூடை தொங்கியது. முள் பதினெட்டில் நின்றது. சண்முகராஜா வானத்தைப் பார்த்தார். தூறல். பதினாறு என்று எழுதினார்.

"ஏன் பதினாறு?"

"மழைக்கு ரெண்டு தொரை. தொரை போட்ட சட்டம்."

துரை வரிசையைப் பார்த்தார். வரிசை துரையைப் பார்த்தது. முப்பது, நாற்பது பெண்கள், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல். சந்திரகாந்திகூட வாயைத் திறக்கவில்லை. துரை தொண்டையைக் கனைத்தார். "சுக்கானைக் கொண்டு வா," என்று மட்டும் சொன்னார். அடுத்த கூடைக்கும் இரண்டு கழிந்தது.

புதிதாகப் பொருத்திய தேக்குத் துண்டுகளோடு சுக்கான் தொண்ணூற்றொன்று. புதன்கிழமை தொண்ணூறு.

புதன்கிழமைதான் முப்பத்தொன்று.

துரை முள்ளைப் பார்த்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார். கணபதி குறுக்கே போய் நின்றார். அப்படி அவர் யாருக்கும் குறுக்கே நின்றதில்லை.

"தொரை. தராசு இன்னும் எறங்குது. எறங்கி நிக்கிற வரைக்கும் வேலையை விடமாட்டேன். ஆனா இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு."

"சுக்கான் லாரியில் ஏறினா கையெழுத்து. அப்படித்தானே பேச்சு?"

"ஆமாங்க. நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா முந்தாநாளே ஏறியிருக்கும். கையெழுத்தும் கெடச்சிருக்கும்." இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னொரு மாசத்துல தொரையும் தொரைசாணியும் எங்க இருந்திருப்பீங்களோ, எனக்குத் தெரியாது."

ஜீப்பின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. துரை கோட்டுப் பைக்குள் கைவிட்டார். நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, ஜீப்பின் முன் மூடி மேல் விரித்து, ஏதோ எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். கணபதியின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

கணபதிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து தெரிந்தது. அது போதும் என்று நினைத்தார். ஆனாலும் காகிதத்தைச் சண்முகராஜாவிடம் நீட்டினார்.

சண்முகராஜா வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"என்னங்க ஐயா? பேரு சரியா இருக்கா?"

"பேரு சரிதான். ஆயா வேலை, அதுவும் சரி." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நிரந்தரம்னு டைப் அடிச்சிருந்துச்சு. அதை அடிச்சிட்டு மேல பேனாவால எழுதியிருக்காரு. ஆறு மாசம்."

தராசுக் கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"தொரையும் கழிச்சிட்டாரா?"

"கழிச்சிட்டாரு பாஸ்."

"எதுக்கு?"

சண்முகராஜா பழக்க தோஷத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேகம் விலகி வெளுத்துக் கிடந்தது.

* * *

பரிமளம் காகிதத்தை வாங்கிச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். "ஆறு மாசம்னா ஆனி மாசம் வரைக்கும். அதுவரைக்கும் காம்பரா இருக்கு, மாவு இருக்கு. அதுக்கப்புறம் புதுத் தொரைகிட்ட நானே நடந்து போயிக் கேக்கிறேன்." அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சும்மா அப்படிப் பாக்காதீங்க. கழிச்சது போக மிச்சத்துலதானே இத்தனை காலமும் சாப்பிட்டோம்."

புதுத் துரை ஒன்றாம் தேதி வந்தார். பழைய துரை விருந்தாளி மாதிரிப் பங்களாவின் பின்பக்கத்து அறையில் இருந்தார். கணபதி தன் பாட்டுக்கு வேலை செய்தார். சுக்கானை அரைகுறையாக மூடிக் கொடுத்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று ஜெயராசா சொன்னார். கணபதி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பதில் சொல்வதும் ஒரு வேலைதான்.

ஒவ்வொரு நாளும் தராசுக்குப் போனார். "கையை எடுத்துருங்க ஐயா. வானத்தைப் பாக்காதீங்க. முள்ளை மட்டும் பாருங்க," என்பார். சண்முகராஜா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். முள்ளைச் சத்தமாக வாசிப்பார். எழுதுவது கணபதி.

ஏழாம் தேதி மழை. எண்பத்தாறு.

எட்டாம் தேதி மழை. எண்பத்தாறு.

ஒன்பதாம் தேதி வெயில். எண்பத்தாறு.

பலீல் நானாவிடம் கெஞ்சி வாங்கி வந்த கடைசி டின்னைத் திறந்தார். ரெசினின் நெடி மூக்கில் ஏறியது. மூடுவதற்கு முன்னால் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, உள்பக்கத்துத் தேக்குப் பலகையில் கொட்டையாக எழுதினார்: 86. கழிவு இல்லை.

அதன்மேல் துணியை விரித்தார். பசையைத் தடவினார். எழுத்து கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு மறைந்தது. பசை இறுக நாலு மணி நேரம் ஆகும். கணபதி பட்டறையின் பலகை அடுக்கில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.